திருப்பி அனுப்பிய டிராஃப்டில் எது மாறியது? சிறிய வக்கீல் அலுவலகத்துக்கு ஏற்ற ஒப்பீட்டு மென்பொருள்

கேள்வி: மதுரை கே.கே. நகரில் நான்கு வழக்கறிஞர்கள் சேர்ந்து அலுவலகம் வைத்திருக்கிறோம். இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட். பாதி வேலை சிவில் வழக்குகள். மீதி ஒப்பந்தங்களும் பத்திரங்களும். சமீபத்தில் கப்பலூரில் எங்கள் கட்சிக்காரரின் குடோனை ஒரு வெளியூர் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டோம். நாங்கள் அனுப்பிய டிராஃப்டை அவர்கள் திருத்தி அனுப்பினார்கள். திருத்தங்கள் சிவப்பில் தெரிந்தன, படித்து ஒத்துக்கொண்டோம். கையெழுத்துப் போடும் நாளில்தான் ஜூனியர் கவனித்தார்: லாக்-இன் காலம், அதாவது வாடகைதாரர் காலி செய்ய முடியாத காலம், மூன்று வருடம் என்று நாங்கள் எழுதியது ஒரு வருடமாகியிருந்தது. அந்த இடத்தில் சிவப்பே இல்லை. இப்போது ஒப்பீட்டு மென்பொருள் வாங்கலாம் என்கிறோம். ஒரு விற்பனைப் பிரதிநிதி ஆளுக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று பெரிய தொகை சொல்கிறார். பார்ட்னர் ஒருவர் இலவச இணையதளமே போதும் என்கிறார். எங்கள் சீனியரோ, இரண்டு பேர் உட்கார்ந்து வாசித்தால் தீர்ந்தது, இதற்கு எதற்குச் செலவு என்கிறார். தமிழ்ப் பத்திரங்களும் நிறைய வரும். டைப்பிஸ்ட் மெஷினில் இருப்பது ஆபீஸ் 2007. என்ன வாங்கலாம்?

பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்ட வழக்கறிஞர், மதுரை.

பதில்:

வணக்கம் மேடம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரதிநிதி காட்டிய பெரிய மென்பொருள் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஆங்கில வேர்ட் ஃபைல்களுக்கு உங்களிடம் இருக்கும் வேர்டே போதும். பிடிஎஃப் பார்க்க ஒரே ஒரு லைசென்ஸ், ஒரே ஒரு மெஷினில் போடுங்கள். தமிழ்ப் பத்திரங்களுக்கு முதலில் ஃபான்ட் தகராறைத் தீர்க்க வேண்டும். அதைத் தீர்க்காமல் எதை வாங்கினாலும் காசு வீண். கட்சிக்காரரின் பத்திரத்தை இலவச இணையதளத்தில் ஏற்றுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

இனி காரணங்கள். கப்பலூர் டிராஃப்டில் நடந்ததை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளலாம். நீங்கள் சிவப்பில் பார்த்தது ட்ராக் சேஞ்சஸ், வேர்டில் திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி. அதை ஆன் பண்ணிய பிறகு செய்த மாற்றங்கள் மட்டும்தான் அதில் பதிவாகும். எதிர்த்தரப்பில் யாரோ அதை ஆஃப் பண்ணிவிட்டு ஒரு வார்த்தையை மாற்றி, திரும்ப ஆன் பண்ணியிருக்கலாம். மாற்றிய பிறகு அந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் 'அக்செப்ட்' கொடுத்திருக்கலாம். வேண்டுமென்றே செய்தார்கள் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை; நாலு பேர் கை மாறிய ஃபைலில் இது தானாகவே நடக்கும். எப்படி நடந்திருந்தாலும், அவர்கள் அனுப்பும் ஃபைலில் இருக்கும் சிவப்பு அவர்கள் உங்களுக்குக் காட்டுகிற கணக்கு. அதைப் படித்துக் கையெழுத்துக்குப் போகக் கூடாது. நீங்கள் அனுப்பிய ஃபைலையும் அவர்கள் திருப்பி அனுப்பிய ஃபைலையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒப்பிட்டு எடுக்கும் சிவப்புதான் கணக்கில் சேரும்.

அதற்கு நீங்கள் அனுப்பிய ஃபைல் அப்படியே கையில் இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அலுவலகங்கள் கோட்டை விடுகின்றன. 'லீஸ் ஃபைனல்', 'லீஸ் ஃபைனல் நியூ', 'லீஸ் ஃபைனல் நியூ சார் கரெக்‌ஷன்' என்று டெஸ்க்டாப் நிறைய ஃபைல்கள் கிடக்கும். எதிர்த்தரப்புக்குப் போனது எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கேஸ் ஃபோல்டருக்குள்ளும் 'அனுப்பியது', 'வந்தது' என்று இரண்டு ஃபோல்டர் போடுங்கள். மெயிலில் போன ஃபைல் தேதியோடு முதல் ஃபோல்டரில் விழட்டும். அதற்குப் பிறகு அதை யாரும் திறந்து திருத்தக் கூடாது. இந்த ஒழுங்குக்குக் காசு செலவில்லை. இது இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் தப்பான இரண்டு ஃபைல்களைத்தான் ஒப்பிட்டுக் காட்டும்.

இப்போது வேர்ட். ரிவ்யூ பட்டையில் கம்பேர் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் வரும் முதல் விருப்பத்தின் விளக்கத்திலேயே 'லீகல் பிளாக்லைன்' (சட்ட ஆவணத்தில் மாற்றங்களைக் குறித்துக் காட்டுவது) என்று எழுதியிருப்பார்கள். அதாவது உங்கள் தொழிலை மனதில் வைத்தே செய்தது. ஒரிஜினல் என்ற இடத்தில் 'அனுப்பியது' ஃபைலையும், ரிவைஸ்டு என்ற இடத்தில் 'வந்தது' ஃபைலையும் கொடுங்கள். உடனே ஓகே அழுத்த வேண்டாம். 'மோர்' என்பதைத் திறந்தால் எதையெல்லாம் ஒப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும்: அட்டவணைகள், ஹெட்டர் ஃபுட்டர், அடிக்குறிப்புகள், டெக்ஸ்ட் பாக்ஸ், இடைவெளிகள், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாற்றம், ஃபார்மேட்டிங் என்று. எல்லாம் முதலிலேயே டிக் ஆகியிருக்கும். ஃபார்மேட்டிங்கை மட்டும் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு ஃபான்ட் அளவை மாற்றியதற்கெல்லாம் ஓரத்தில் பலூன் பலூனாக வந்து முக்கியமான மாற்றம் அதில் மறைந்துபோகும். மற்றவற்றைத் தொடாதீர்கள். இடைவெளி எரிச்சலாக இருக்கிறதே என்று அந்த டிக்கை எடுப்பவர்கள் உண்டு. அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அட்டவணையை எடுத்துவிட்டால் வாடகை உயர்வு அட்டவணையில் நடந்த மாற்றம் கண்ணில் படவே படாது. மாற்றங்களைக் காட்டும் இடத்துக்கு 'நியூ டாக்குமென்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீடு தனி ஃபைலாக வரும். மூல ஃபைல்கள் இரண்டும் அப்படியே இருக்கும்.

வந்த ஃபைலில் ஏற்கனவே ட்ராக் சேஞ்சஸ் இருந்தால் வேர்ட் ஓர் அறிவிப்புத் தரும்: ஒப்பீட்டுக்காக அந்த மாற்றங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன் என்று. பயப்படாமல் சரி சொல்லுங்கள். அவர்கள் காட்டிய மாற்றம், காட்டாத மாற்றம் இரண்டும் ஒன்றாகப் புது ஃபைலில் சிவப்பாக வரும். அதை அவர்களுடைய சிவப்போடு வைத்துப் பாருங்கள். உங்கள் சிவப்பில் வந்து, அவர்களுடையதில் வராததுதான் நீங்கள் ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டிய இடம். அந்த லாக்-இன் வரி இதில் கண்டிப்பாகச் சிக்கியிருக்கும்.

அடுத்த டிராஃப்டிலிருந்து இன்னொன்றும் செய்யலாம். அனுப்பும் முன் ரிவ்யூவில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போய், ட்ராக் சேஞ்சஸ் மட்டுமே அனுமதி என்று வைத்துக் கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். அவர்கள் எதைத் தொட்டாலும் பதிவாகும். எல்லாவற்றையும் காப்பி பண்ணிப் புது ஃபைலில் ஒட்டி அனுப்பினால் இந்தப் பூட்டு பயனில்லை. ஆகவே இது இருக்கிறது என்று ஒப்பீட்டை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பீட்டில் வந்த சிவப்பு ஃபைலை எதிர்த்தரப்புக்கு அப்படியே மெயில் பண்ணக் கூடாது என்பதை ஜூனியர்களுக்குச் சொல்லிவையுங்கள். அதில் 'கட்சிக்காரர் இதற்குக் கீழே இறங்க மாட்டார்' என்று நீங்கள் ஓரத்தில் எழுதிய குறிப்பும் சேர்ந்து போய்விடும். ஃபைல் மெனுவில் இன்ஃபோவுக்குள் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' இருக்கிறது. வெளியே போகும் ஃபைல் அதில் ஒருமுறை போய் வரட்டும்.

இனி தமிழ். இதைப் பற்றி உங்களிடம் வந்த பிரதிநிதி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டார். ஏனென்றால் அவர் காட்டும் டெமோ ஃபைல் எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

பத்திர எழுத்தர்களிடமிருந்தும் டிடிபி கடைகளிலிருந்தும் வரும் ஃபைல்களில் பாதிக்கு மேல் இன்னும் பாமினி, வானவில் என்கிற பழைய தமிழ் ஃபான்ட்களில் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 2010-லேயே தமிழக அரசு யூனிகோட், டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்துவிட்டது. கடைகளில் பழக்கம் மாறவில்லை. பாமினியில் அடித்த ஃபைல் கணினிக்குத் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது, அவ்வளவுதான். எனவே பாமினி ஃபைலையும் யூனிகோட் ஃபைலையும் ஒப்பிட்டால் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை முழுப் பத்திரமும் சிவப்பாகும். உங்கள் டைப்பிஸ்ட் யூனிகோடில் அடித்து அனுப்பியதை எழுத்தர் பாமினியில் திரும்ப அடித்து அனுப்பினால் இதுதான் நடக்கும். மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்று அதன் தலையில் பழி போடுவார்கள்.

இரண்டுமே பாமினி என்றால் ஒப்பீடு நடக்கும்; ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாமினியில் ஆங்கில எஃப் விசையின் சின்ன எழுத்து 'க', பெரிய எழுத்து 'கு'. ஜி விசையில் சின்னது 'ப', பெரியது 'பு'. ஜே-யில் 'த', 'து'. கே-யில் 'ம', 'மு'. அதாவது 'பதிய' என்பதற்கும் 'புதிய' என்பதற்கும் கணினியின் கணக்கில் இருக்கும் வித்தியாசம் பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும்தான். நான் மேலே சொன்ன பட்டியலில் அந்த ஒரு டிக்கை யாராவது எடுத்துவிட்டிருந்தால், ஒரு சொல் இன்னொரு சொல்லாக மாறியதைக்கூட வேர்ட் மாற்றம் என்றே காட்டாது. வேறு மென்பொருள்களிலும் 'கேஸ்', அதாவது பெரிய எழுத்து சின்ன எழுத்து, வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் விருப்பம் இருக்கும். வாங்கும்போது அது எங்கே இருக்கிறது, எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். இது போக, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஆங்கில அரைப்புள்ளியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நிறுத்தக்குறி வந்தால் சொல் முடிந்தது என்று மென்பொருள் நினைக்கும். 'அம்மா' என்ற ஒரு சொல்லை அது துண்டு துண்டாகப் பார்க்கும். ஒப்பீட்டில் வரும் சிவப்பும் துண்டு துண்டாக வந்து கண்ணைக் குழப்பும்.

அதனால் வழி ஒன்றுதான்: உங்கள் அலுவலகத்துக்குள் யூனிகோட் மட்டும். வெளியிலிருந்து வரும் பாமினி, வானவில் ஃபைல்களை வந்தவுடன் யூனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகு ஒப்பிடுங்கள். மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன; என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்றவை இணையம் இல்லாமல் கணினியிலேயே ஓடும். மாற்றும்போது நடுவில் உள்ள ஆங்கில எழுத்துகளையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். சர்வே எண் 112/3பி என்பதில் உள்ள பி ஆங்கிலத்தில் அடித்திருந்தால், மாற்றியபின் அங்கே சம்பந்தமில்லாத ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். சர்வே உட்பிரிவு, பான் எண், வங்கிக் கணக்குக் கிளைக் குறியீடு, நிறுவனப் பெயர் ஆகிய நான்கையும் மாற்றியபின் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

யூனிகோடிலும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் அடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. சில மென்பொருள்கள் இதை மாற்றம் என்று காட்டும். 'ஸ்ரீ'யிலும் இதே கதை. ஆட்கள் பெயரிலும் கோயில் பெயரிலும் 'ஸ்ரீ' இல்லாத பத்திரம் நம் ஊரில் ஏது? இரண்டு சொல்லும் ஒரே மாதிரி தெரிந்து, சிவப்பு மட்டும் விழுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அலுவலகம் முழுக்க ஒரே கீபோர்டு முறை வைத்துக்கொண்டால் இது பாதி குறையும்.

தமிழ்ப் பிடிஎஃப் இன்னும் மோசம். பல பிடிஎஃப்களில் எழுத்துகள் அச்சில் வரும் வடிவ வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து உரையை உருவினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கன்னாபின்னா என்று வரும். எனவே தமிழ்ப் பத்திரத்துக்குப் பிடிஎஃப் ஒப்பீட்டை நம்பாதீர்கள். எழுத்தரிடம் வேர்ட் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சொத்து விவரத்தை மட்டுமாவது சீனியர் சொன்ன மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்து வாசியுங்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்கிற பழைய முறைக்கு இந்த ஓர் இடத்தில் இன்னும் மாற்று வரவில்லை என்பது என் அபிப்பிராயம். எண்களை இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஹெக்டேர் 0.12.50 என்பது 0.12.05 ஆகிவிட்டால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. நிலத்தில் அது 45 சதுர மீட்டர், ஒரு சென்டுக்கும் மேலே. பதிவான பிறகு இதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம், அதற்கு எதிர்த்தரப்பு வந்து கையெழுத்து என்று அலைச்சல் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அச்சான பிறகு பேனாவால் திருத்தலாம் என்றாலும் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் 20-ஆம் பிரிவு குறுக்கே வரும். அடித்தல் திருத்தலுக்கு எழுதிக்கொடுப்பவர் சான்றொப்பமிட வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். எதிர்த்தரப்பு கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணிப் பிடிஎஃப்பாக அனுப்புகிறார்கள். நடுவில் ஒரு பக்கம் மாறியிருந்தால் எப்படித் தெரியும்? வழக்குகளிலும் இது வரும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 6 விதி 17-ன்படி பிராதை (வழக்கு மனுவை) திருத்த அனுமதி வாங்கியவர்கள், திருத்திய பிராதில் அனுமதித்ததை மட்டும்தான் சேர்த்தார்களா, கூட ஒரு பத்தி நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையில் கிடைப்பதோ காகிதம்.

இதற்குத்தான் அந்த ஒரு லைசென்ஸ். ஆங்கிலப் பிடிஎஃப்புக்கு அடோபி அக்ரோபாட் புரோவில் 'கம்பேர் ஃபைல்ஸ்' இருக்கிறது. இலவச ரீடரில் அது கிடையாது. ஆபி ஃபைன்ரீடரின் கார்ப்பரேட் பதிப்பு ஸ்கேனையும் வேர்ட் ஃபைலையும் நேரடியாக ஒப்பிடும். டிராஃப்டபிள் என்று ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் வேர்டையும் பிடிஎஃப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். கணினியில் நிறுவி ஓட்டும் பதிப்பும் உண்டு. பார்க்கச் சுலபம், ஜூனியர்களுக்குப் பழக்க நேரம் ஆகாது. ஸ்கேன் கிடைப்பது குறைவு, நல்ல பிடிஎஃப் வருவதுதான் அதிகம் என்றால் டிராஃப்டபிள். ஸ்கேன்தான் அதிகம் என்றால் ஃபைன்ரீடர். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் முடிவெடுப்பேன். மூன்றுக்கும் சோதனைக் காலம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஸ்கேனை வாசிக்கும் எந்த மென்பொருளும் தப்பு விடும். 300 டிபிஐ-யில் நேராக ஸ்கேன் பண்ணினால் தப்பு குறையும். ரூபாய்க் குறியை 7 என்று வாசித்து ஐம்பதாயிரத்தை ஏழரை லட்சமாக்கும் கூத்தும் நடக்கும். மாற்றம் என்று காட்டிய ஒவ்வொன்றையும் காகிதத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எதிர்த்தரப்போடு சண்டைக்குப் போக வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது: ஒப்பந்தம் முடிவானதும் கையெழுத்துப் போடும் பிரதியை எங்கள் அலுவலகத்தில்தான் பிரின்ட் எடுப்போம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பும் சுருக்கொப்பம் போடட்டும். அதன் பிறகு ஸ்கேன் எங்கிருந்து வந்தாலும் ஒப்பத்தைப் பார்த்தால் போதும்.

பிரதிநிதி காட்டியது எது என்று நீங்கள் எழுதவில்லை. லிட்டெரா கம்பேர் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரிய சட்ட நிறுவனங்களில் அதுதான் ஓடுகிறது. முன்பு தனியாக இருந்த வொர்க்‌ஷேரையும் லிட்டெரா 2019-இல் வாங்கிவிட்டது. நல்ல மென்பொருள், சந்தேகமில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அட்டவணை, படம், நகர்த்திய பத்தி எல்லாவற்றையும் வேர்டைவிடச் சுத்தமாகக் காட்டும். அவுட்லுக்கிலிருந்தும் ஆவண மேலாண்மை அமைப்பிலிருந்தும் நேரடியாக ஓடும். உங்களிடம் ஆவண மேலாண்மை அமைப்பே கிடையாது. 15 பக்க வாடகை ஒப்பந்தத்துக்கு அது அதிகப்படி. வாரத்தில் பல நாள் நூறு பக்க ஒப்பந்தங்கள் கைமாறும் காலம் வந்தால் அப்போது கூப்பிடலாம். விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, அடுத்த வருடம் என்ன விலை, எட்டுப் பேருக்கும் வேண்டுமா இரண்டு பேருக்குப் போதுமா என்று எழுத்தில் வாங்குங்கள். லிப்ரே ஆஃபிஸ் இலவசம். அதிலும் எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸுக்குள் ஒப்பீடு இருக்கிறது. வெறும் உரைக்குப் பரவாயில்லை. அட்டவணை நிறைந்த வேர்ட் ஃபைலில் தடுமாறும். கூகுள் டாக்ஸிலும் ஒப்பீடு உண்டு, ஆனால் ஃபைலை அங்கே ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது என்றதும் உங்கள் பார்ட்னர் சொன்ன இலவச இணையதளம். இரண்டு ஃபைலை இழுத்துப் போட்டால் நொடியில் பதில் வரும், உண்மைதான். அந்த ஃபைல் யாருடைய சர்வரில், எந்த நாட்டில், எத்தனை நாள் இருக்கும் என்று நீங்கள் கட்சிக்காரருக்குச் சொல்ல முடியுமா? வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்கிற பாரதிய சாக்ஷிய அதினியம் 132-ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 126, உங்களுக்கு நான் படித்துக்காட்ட வேண்டியதில்லை. அது குமாஸ்தாவையும் ஊழியரையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. அவசரத்தில் ஜூனியர் ஏற்றினாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். கணினிக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள் வேண்டும் என்பதை வாங்கும் முதல் நிபந்தனையாக வையுங்கள்.

எதை வாங்கினாலும் வாங்கும் முன் ஒரு பரீட்சை வையுங்கள். முடிந்துபோன பழைய ஒப்பந்தம் ஒன்றை நகல் எடுத்து, கட்சிக்காரர் பெயரை மாற்றிவிட்டு, ஜூனியரிடம் கொடுங்கள். திருட்டுத்தனமாகப் பத்து இடத்தில் மாற்றச் சொல்லுங்கள்: ஆங்கில 'ஷேல்' (கட்டாயம்) என்பதை 'மே' (விருப்பம்) ஆக்கட்டும், ஒரு 'நாட்' காணாமல் போகட்டும், வாடகை அட்டவணையில் ஓர் இலக்கம் மாறட்டும், அடிக்குறிப்பில் ஒரு வரி, ஹெட்டரில் ஒரு தேதி, ஒரு பத்தி ஒரு பக்கம் தள்ளி நகரட்டும், நகர்ந்த பத்திக்குள் ஒரு சொல்லும் மாறட்டும், ஒரு வரியை வெள்ளை நிறத்தில் எழுதி ஒளிக்கட்டும், வரைபடத்தை எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டட்டும். தமிழ்ப் பத்திரம் ஒன்றிலும் 'க' 'கு' விளையாட்டை விளையாடட்டும். பட்டியல் அவரிடம் இருக்கட்டும். விற்பவர் முன்னாலேயே ஒப்பீட்டை ஓட்டுங்கள். எத்தனை சிக்கியது என்பதோடு, மாறாததை மாற்றம் என்று எத்தனை இடத்தில் காட்டியது என்றும் எண்ணுங்கள். வெற்றுச் சிவப்பு அதிகமாக வந்தால் இரண்டாவது வாரமே யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். நகர்ந்த பத்திக்குள் மாறிய சொல்லும் மாற்றிய வரைபடமும்தான் பெரும்பாலும் தப்பும். எது தப்புகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த இடத்தை நீங்கள் கண்ணால் பார்ப்பீர்கள்.

சீனியரின் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒப்பீடு மாறியதை மட்டும்தான் காட்டும். மாறியிருக்க வேண்டியது மாறாமல் இருப்பதைக் காட்டாது. எதிர்த்தரப்பு ஐந்தாவது பிரிவாக ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒன்று கூடும். கடைசிப் பக்கத்தில் 'பிரிவு 9-ல் கண்டபடி' என்று கையால் அடித்தது அப்படியே 9 என்றே நிற்கும்; அங்கே சிவப்பு வராது. இப்போது 9-ல் இருப்பது வேறு விஷயம். அதேபோல் செக்குபந்தியில் (சொத்தின் நான்கு எல்லை விவரத்தில்) கிழக்கும் மேற்கும் இரண்டு டிராஃப்டிலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் மென்பொருள் 'வித்தியாசம் இல்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அதற்குப் புது டிராஃப்டை மூலப் பத்திரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தைக் குமாஸ்தா ஒருமுறை யூனிகோடில் அடித்து ஃபோல்டரில் வைத்துவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு டிராஃப்டின் சொத்து விவரத்தையும் அதோடு கம்பேரில் ஓட்டலாம். அந்த முதல் டைப்பிங்கைச் சரிபார்க்கும் வேலையைச் சீனியரிடமே கொடுங்கள். ஆள் சந்தோஷமாகச் செய்வார் என்று நினைக்கிறேன்.

கடைசியாக டைப்பிஸ்ட் மெஷின். ஆபீஸ் 2007-இலும் கம்பேர் இருக்கிறது, ஆகவே நாளைக்கே தொடங்கத் தடையில்லை. ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2017 அக்டோபரோடு நின்றுவிட்டன. பிடிஎஃப்பையும் அது திறக்காது, அந்த வசதி வேர்ட் 2013-இல்தான் வந்தது. வெளியிலிருந்து மெயிலில் வரும் ஃபைல்களையெல்லாம் முதலில் திறப்பது அந்த மெஷின்தான் என்றால், பிரதிநிதி கேட்ட தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கி, லைசென்ஸோடு புது ஆபீஸ் போடுங்கள். அதில் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் என்றால் மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும் முன் அதில் உள்ள பாமினி ஃபைல்களையும் அந்த ஃபான்டையும் மறக்காமல் நகல் எடுத்துவையுங்கள். ஃபான்ட் இல்லாத புது மெஷினில் அந்தப் பழைய பத்திரங்கள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும்.